கொல்களத்திலிருந்து கோப்பை வரை: ஹலால் சான்றிதழின் வரலாற்றுப் பின்னணி

உணவுச்சாலை ஒன்றில் அமர்ந்து உண்பவன் தன் முன்னே வைக்கப்பட்ட உணவைப் பற்றி அறிந்திருப்பது மிகச் சொற்பம். அந்த இறைச்சி எந்தக் கொல்களத்திலிருந்து வந்தது, அதை யார் அறுத்தார், எந்த எண்ணெயில் அது பொரிக்கப்பட்டது என்பனவெல்லாம் சமையலறைக் கதவுக்கு அப்பால் மறைந்து கிடப்பவை. காசு கொடுத்து வாங்கி உடலுக்குள் செலுத்தும் பொருளைப் பற்றிப் பிறர் சொல்லையே நம்பி நாம் வாழ்கின்றோம். இந்த நம்பிக்கை எவ்வாறு உண்டாகின்றது, எவ்வாறு குலைகின்றது, குலைந்தபின் எதைக் கொண்டு மனிதர் அதை ஈடுசெய்கின்றனர் என்னும் வினாக்களுக்கு விடை காண, ஹலால் சான்றிதழின் வரலாறு பெரிதும் உதவும்.

இவ்வரலாற்றை எடுத்துக் கூறுவதற்குக் காரணமுண்டு. 2013 ஆம் ஆண்டில் இலங்கையில் 'ஹலால்' என்ற சொல் ஓர் அரசியற் கூச்சலாக மாற்றப்பட்டது. கூச்சலிட்டோருட் பலர் அச்சொல்லின் பொருளை அறிய முயலவில்லை. அதற்கு மறுப்புக் கூறியோருள்ளும் பலர், சமய உரிமை என்ற அளவில் தம் வாதத்தை நிறுத்திக்கொண்டனர். எமது கருத்தில், சான்றிதழைச் சமய வேகம் மட்டும் தோற்றுவிக்கவில்லை. அறுப்பவனையும் உண்பவனையும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாதவாறு பிரித்துவிட்ட சந்தையே அதைப் பெற்றெடுத்தது. இதனை முறையாக நோக்குவோம்.

ஹலால் என்னும் அரபுச் சொல்லுக்கு 'அனுமதிக்கப்பட்டது' என்பது பொருள், விலக்கப்பட்டது ஹராம். தானாகச் செத்தது, இரத்தம், பன்றியிறைச்சி, இறைவனல்லாத பிறரின் பெயராற் பலியிடப்பட்டது ஆகியவற்றைத் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் விலக்குகின்றது. உண்ணத்தக்க விலங்காயினும், உயிரோடிருக்கையில் கூரிய கத்தியாற் கழுத்து அறுக்கப்பட்டு இரத்தம் வடிதல் வேண்டும். அறுக்கும்போது இறைவன் பெயர் கூறப்படுதல் வேண்டும். மூச்சுக்குழல், உணவுக்குழல், கழுத்தின் இருமருங்கிலுமுள்ள பெரிய இரத்தக்குழாய்கள் ஆகிய யாவும் அறுபடுவதே நிறைவான முறை.

குறைந்தபட்சம் எது போதும் என்பதிற் சட்ட மரபுகள் வேறுபடுகின்றன. இலங்கை முஸ்லிம்களுட் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மரபு, மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முற்றாக அறுபடுதலைக் கட்டாயமாக்கும். ஹனபி மரபோ நான்கில் மூன்றேனும் அறுபடல் வேண்டும் என்னும். இறைவன் பெயரைக் கூறுதல் ஷாபிஈ மரபில் வலியுறுத்தப்பட்ட நற்செயல். ஹனபி மரபில் அதனை வேண்டுமென்றே விட்டால் அவ்விறைச்சி உண்ணத் தகாதது. யூதரும் கிறித்தவருமாகிய வேதக்காரரின் உணவையும் அதே ஐந்தாம் அத்தியாயம் அனுமதிக்கின்றது. விலங்கின் பார்வையிற் கத்தி தீட்டலாகாது, ஒன்றின் கண்முன் மற்றொன்றை அறுத்தலாகாது, கத்தி மழுங்கியிருத்தல் கூடாது என்னும் ஒழுக்கங்களையும் முஸ்லிம் மரபு போற்றி வந்துள்ளது.

இந்நிபந்தனைகளை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இவை பெரும்பாலும் ஒரு மனிதன் ஒரு கணத்திற் செய்யும் செயலைப் பற்றியவை. அச்செயலின் அடையாளம் சமைத்த இறைச்சியிற் காணப்படாது. கோழி பழுதடைந்திருப்பதை மூக்கு அறியும். அது எவ்வாறு அறுக்கப்பட்டது என்பதை மூக்கும் அறியாது, நாக்கும் அறியாது. எனவே ஹலால் என்பது தொடக்கத்திலிருந்தே சாட்சியத்தை வேண்டி நிற்பது. அச்சாட்சியத்தை யார் அளித்தார் என்பதே நாம் தேடும் வரலாறு.

முன்னாளில் அச்சாட்சியம் தெரிந்த முகமாக இருந்தது. ஊரின் இறைச்சிக்கடைக்காரரைச் சனங்கள் அறிவர். அவர் தொழும் பள்ளிவாசலை அறிவர். அவருடைய தகப்பனாரையும் அறிவர். பொய்யுரைத்தால் அவர் இழப்பது வியாபாரத்தை மட்டுமன்று, ஊரில் தமக்குள்ள மதிப்பையுமாகும். கிழக்கிலங்கையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்த இடங்களில், தமிழர் வீட்டுக் கலியாணத்துக்கு முஸ்லிம் நண்பர் வருவதாயின் ஆட்டை அறுக்க முஸ்லிம் ஒருவரையே அழைக்கும் வழக்கம் இருந்ததை முதியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். அங்கே கடுதாசியும் இல்லை, இலச்சினையும் இல்லை. விருந்தினரின் மனத்தை மதித்த அயலாரின் பண்பே சான்றிதழாக விளங்கியது.

குடியேற்ற அரசு இத்தொழிலிற் கைவைத்தபோது அதன் நோக்கு வேறாயிருந்தது. 1893 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க இறைச்சிக்கடைக்காரர் கட்டளைச் சட்டம் தொழிலுக்கு அனுமதிப்பத்திரத்தை அவசியமாக்கியது. விலங்குகளை அறுக்கும் இடத்தையும் அதிகாரத்தின் மேற்பார்வைக்குட் கொண்டுவந்தது. சுகாதாரமும் கால்நடைத் திருட்டைத் தடுப்பதுமே அரசின் கவலைகள். இறைச்சி ஹலாலா என்பது முன்போலவே கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இடைப்பட்ட விடயமாக நின்றது.

அந்த முகமறிந்த உறவைத் தகர்த்தது ஆலைத்தொழில். 1865 இல் சிக்காகோ நகரில் மாபெரும் கால்நடைத் தொழுவங்கள் திறக்கப்பட்டன. அங்கே விலங்கு கொக்கியில் தொங்கி நகரும். வரிசையில் நிற்கும் தொழிலாளி ஒவ்வொருவனும் ஒரே வெட்டைத் திரும்பத் திரும்ப வெட்டுவான். மோட்டார் வண்டித் தொழிலில் ஹென்றி போர்ட் புகுத்திய நகரும் வரிசைக்கு இந்த இறைச்சி ஆலைகளே முன்மாதிரி. 1906 இல் அப்டன் சிங்கிளேயரின் நாவல் அவ்வாலைகளின் அவலத்தை வெளிப்படுத்தியது. தொழிலாளரின் துயரைக் காட்ட அவர் எழுதினார். வாசித்தோரோ தம் வயிற்றை எண்ணிக் கலங்கினர். அதே ஆண்டு அமெரிக்காவில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் நிறைவேறியது. தொழிலாளியின் நிலையோ அச்சட்டத்தால் உயரவில்லை.

சமய விதிப்படி அறுத்த இறைச்சியும் இம்மாற்றத்துக்குத் தப்பவில்லை. ஹலால் முறைக்கு நெருங்கிய உறவுடையது யூதரின் கோஷர் முறை. 1902 மே மாதத்தில் நியூயோர்க்கின் கிழக்குப் பகுதியில் கோஷர் மாட்டிறைச்சியின் விலை இறாத்தலுக்கு 12 சதத்திலிருந்து 18 சதமாக உயர்ந்தபோது, ஏழை யூதப் பெண்கள் கடைகளைப் பகிஷ்கரித்து வீதியில் இறங்கினர். விலையைத் தீர்மானித்தவர் தெருவோரக் கடைக்காரர் அல்லர். மொத்த இறைச்சியைத் தம் கையில் வைத்திருந்த பெருங் கம்பனிகளே. 1923 இல் ஹெயின்ஸ் நிறுவனத்தின் தகரத்திலடைத்த அவரையில் யூதச் சமய அமைப்பொன்றின் அடையாளம் பொறிக்கப்பட்டது. பொருளின் உறையிற் சிறு குறியொன்றைக் கண்டு நம்பி வாங்கும் வழக்கம் இவ்வாறு வளரலாயிற்று.

முஸ்லிம் உலகில் இவ்வழக்கம் பரவியது பிற்காலத்திலேயே. மலேசியாவில் அரசாங்கம் 1974 இல் ஹலால் உறுதிக் கடிதங்களை வழங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, ஹலால் என்ற சொல்லைப் பொய்யாகப் பயன்படுத்துவதை வர்த்தக விவரணச் சட்டத்தின் கீழ்க் குற்றமாக்கியது. சமயச் சொல்லொன்றைக் காக்க அங்கே எடுக்கப்பட்ட கருவி வியாபார மோசடியைத் தடுக்கும் சட்டம் என்பது மனங்கொள்ளத்தக்கது. சிங்கப்பூரில் இஸ்லாமிய மன்றம் 1978 இற் சான்றிதழ் வழங்க முற்பட்டது. இந்தோனேசியாவில் 1988 இல், சந்தையில் விற்கப்படும் பல பண்டங்களிற் பன்றிக் கொழுப்பு கலந்திருப்பதாகப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் வெளியிட்ட செய்தி பெரும் பீதியை விளைவித்தது. அதன் பயனாக 1989 இல் உலமா சபையின் உணவு ஆய்வு நிறுவனம் தோன்றியது. 2001 இல் அந்நாட்டிலேயே சுவையூட்டி ஒன்று சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. சுவையூட்டியிற் பன்றிப் பொருள் இருக்கவில்லை. அதைத் தயாரிக்கும் நுண்ணுயிரை வளர்த்த ஊட்டத்தின் ஆக்கத்திலேயே பன்றியிலிருந்து பெற்ற நொதியம் பயன்பட்டிருந்தது. இத்தகைய ஒன்றை எந்த ஊர்க் கடைக்காரரின் முகம் உறுதிப்படுத்தும்?

உலக வணிகத்துக்குப் பொதுவிதி தேவைப்பட்டமையால், ஐக்கிய நாடுகளின் உணவு, சுகாதார நிறுவனங்களின் கூட்டு அமைப்பாகிய கோடெக்ஸ் 1997 இல் ஹலால் என்னும் சொல்லின் பயன்பாட்டுக்கு வழிகாட்டி நெறிகளை ஏற்றது. அறுப்பவர் அறுப்பு முறையை நன்கறிந்த, தெளிந்த மனமுடைய முஸ்லிமாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு விலங்கையும் அறுக்குமுன் இறைவன் பெயர் கூறப்படல் வேண்டும் என்பன அந்நெறிகளுட் சில. 'ஒவ்வொரு' என்ற சொல்லை வாசகர் கவனித்தல் வேண்டும். இக்காலக் கோழி ஆலையின் வரிசை மணிக்கு ஆயிரக்கணக்கான பறவைகளை நகர்த்துவது. அங்கே ஒவ்வொரு பறவைக்கும் ஒரு மனிதக் கையும் ஒரு மனிதக் குரலும் வேண்டுமென்று கேட்பது, இயந்திரத்தின் வேகத்துக்கு மனிதனின் மூச்சை எல்லையாக வைப்பதாகும். சுழலும் கத்தியும் ஒலிப்பதிவுக் கருவியும் அவ்விடத்தை நிரப்பலாமா என்ற சர்ச்சை வேதநூல் விளக்கத்தாற் மட்டும் எழுந்ததன்று. கூலியைக் குறைத்து வேகத்தைக் கூட்ட விரும்பும் முதலீட்டின் நெருக்குதலும் அதன் பின்னால் உண்டு.

விலங்கை அறுக்குமுன் மின்சாரத்தால் உணர்விழக்கச் செய்யலாமா என்பது மற்றொரு சர்ச்சை. இங்கே இரண்டு வரலாறுகளைப் பிரித்தறிதல் அவசியம். விலங்கின் வேதனையைக் குறைக்க வேண்டும் என்னும் கரிசனை நேர்மையானது. நியூசிலாந்தில் வணிக நோக்கில் அறுக்கப்படும் விலங்குகளை உணர்விழக்கச் செய்தல் கட்டாயம். ஆயினும் அந்நாடு பெருமளவு ஹலால் இறைச்சியை ஏற்றுமதி செய்கின்றது. அறுக்காது விட்டால் விலங்கு மீண்டும் எழக்கூடிய அளவில் தலையில் மட்டும் மின்சாரம் பாய்ச்சுவதால், அது உயிரோடிருக்கும்போதே அறுக்கப்படுகின்றது என்ற நிபந்தனை காக்கப்படுகின்றது. பிரித்தானியாவிலோ 1994 இல் தோன்றிய சான்றிதழ் நிறுவனமொன்று சில வகை உணர்விழப்பு முறைகளை ஏற்கின்றது. 2003 இல் தோன்றிய மற்றொன்று எதையும் ஏற்பதில்லை. ஒரே சொல்லின் கீழ் இரு நியமங்கள் நிலவுவதை இது காட்டும்.

கரிசனையின் ஆடையை அணிந்து பகைமை நடமாடியதும் உண்டு. 1893 இல் சுவிற்சர்லாந்து மக்கள் வாக்கெடுப்பின் மூலம், உணர்விழக்கச் செய்யாது அறுப்பதைத் தடைசெய்தது. அவ்வியக்கத்தில் யூத வெறுப்பு ஊறியிருந்ததை வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டியுள்ளனர். 1933 ஏப்பிரலில், ஆட்சிக்கு வந்து மூன்று மாதங்கூட முற்றுப்பெறாத நாசி அரசு இத்தகைய தடையை ஜேர்மனி முழுவதும் விதித்தது. விலங்குக்கு இரங்கிச் சட்டம் செய்தவர்கள் மனிதருக்கு என்ன செய்தனர் என்பதை உலகம் அறியும். ஒரு கோரிக்கையின் சொற்களை மட்டும் நோக்குதல் போதாது. யார், எப்போது, யாருக்கு எதிராக அதை எழுப்புகின்றனர் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு எமது நாட்டுக்கு வருவோம். 1924 இல் தோன்றிய அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, 2000 ஆம் ஆண்டளவில் ஹலால் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. திறந்த பொருளாதாரத்தின் பின் உறையிலடைத்த உணவும் ஆலைக் கோழியும் நாடெங்கும் பரவிய காலம் அது. 2012 இல் அமைக்கப்பட்ட பொது பல சேனா இச்சான்றிதழை எதிர்த்து இயக்கம் நடத்தியது. 2013 பெப்ரவரி 17 அன்று மஹரகமவில் நடந்த பெருங் கூட்டத்தில் சான்றிதழை ஒழிக்க வேண்டுமென்று முழங்கியது. முஸ்லிம் அல்லாதார் மீது சமய வரி சுமத்தப்படுகின்றது என்பது அதன் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. 2013 மார்ச் 11 அன்று, உள்நாட்டுச் சந்தைப் பொருள்களில் இலச்சினை இடம்பெறுவதை நிறுத்த இணங்குவதாக உலமா சபை அறிவித்தது. ஏற்றுமதிப் பொருள்களுக்கான சான்றிதழ் தொடர்ந்தது. அந்நியச் செலாவணி ஈட்டித்தரும் கப்பலில் ஏறும் பெட்டிக்கு இலச்சினை வேண்டும். உள்ளூர்க் கடையில் ஏழை வாங்கும் பெட்டிக்கு அது ஆகாது என்ற விந்தையான நீதி இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

இலச்சினையை விட்டுக்கொடுத்தால் அமைதி கிட்டும் என எண்ணியோர் ஏமாந்தனர். அம்மாத இறுதியிலேயே பெபிலியானவில் முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான துணிக்கடை தாக்கப்பட்டது. 2014 ஜூனில் அளுத்கமையும் பேருவளையும் எரிந்தன. எதிர்ப்பு ஓர் அடையாளக் குறியைப் பற்றியதாக இருந்திருப்பின், குறி நீங்கியதும் அது ஓய்ந்திருக்கும். 1915 இன் சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது சமய ஊர்வலப் பிரச்சினைக்குப் பின்னால் வணிகப் போட்டியும் போர்க்கால விலையேற்றத்தின் கசப்பும் நின்றதை நினைவுகூர்வோர்க்கு இது வியப்பளிக்காது. விலையேற்றத்தால் வாடும் மனிதனின் சினத்தை விலையை ஏற்றுவோர் மீது செல்லவிடாது, பக்கத்துக் கடைக்காரர் மீது திருப்புவது பழைய தந்திரம்.

அதே 2013 இல் பிரித்தானியாவில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடலாம். அவ்வாண்டின் தொடக்கத்தில் அங்கே மாட்டிறைச்சி என்று விற்கப்பட்ட பண்டங்களிற் குதிரை இறைச்சி கண்டுபிடிக்கப்பட்டது. சிறைச்சாலைகளுக்கு ஹலால் என வழங்கப்பட்ட பண்டங்களிற் பன்றியின் மரபணுத் தடயம் காணப்பட்டதும் அப்போதே. ஏமாந்தோர் முஸ்லிம்கள் மட்டுமல்லர். இறைச்சி உண்ணும் சகலருமே. உறையின் மேலுள்ள சொல் மெய்யா என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் பொதுவானது என்பதை அந்நிகழ்ச்சி புலப்படுத்தியது. அந்நாட்டில் மேலும் கடுமையான பரிசோதனை கோரப்பட்ட வேளையில், எமது நாட்டிற் பரிசோதித்தோம் என்ற குறியே அகற்றப்பட்டது.

நம்பிக்கை முற்றாகக் குலைந்தால் உணவுச்சாலை என்னவாகும் என்பதை 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகர் காட்டியது. முஸ்லிம் உணவுச்சாலை ஒன்றில் உண்ண வந்தவர், உணவிற் கிடந்த கட்டியொன்றை மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை என்றார். சிங்களம் நன்கறியாத கடைக்காரர் அச்சத்தின் நடுவே தலையசைத்ததே ஒப்புதலாகக் கொள்ளப்பட்டது. அக்காட்சியைப் பதிந்த காணொளி பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச பகுப்பாய்வு அது மாக்கட்டி என்று கூறியது. அவ்வாறு மலடாக்கும் மாத்திரை உலகில் எங்கும் இல்லை என்பதை மருத்துவர் எடுத்துரைத்தனர். ஆனால் உண்மை வந்து சேருமுன் நெருப்பு வந்துவிட்டது.

தமிழராகிய நாமும் இவ்விடத்து வெறும் பார்வையாளராக நிற்றல் இயலாது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தவர்க்கு அளிக்கப்பட்ட அவகாசம் சில மணிநேரமே. தலைமுறை தலைமுறையாக இறைச்சிக்கடையிலும் உணவுச்சாலையிலும் தையற்கடையிலும் நாம் கண்டுவந்த முகங்கள் ஒரே நாளில் இல்லாமற் போயின. தெரிந்த முகங்களைச் சந்தை மெல்ல மெல்ல மறைத்தது என்றோம். இங்கே துப்பாக்கி ஒரே பொழுதில் அதைச் செய்து முடித்தது.

ஹலால் விதியும் மனிதரைப் பிரித்து வைப்பதுதானே என்று சிலர் கேட்பர். யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளின் வரலாற்றை அறிந்தோர்க்கு இக்கேள்வியின் விடை எளிது. அக்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஆசனம் மறுக்கப்பட்டது, அல்லது வேறு பாத்திரத்திலே தேநீர் ஊற்றப்பட்டது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் கடைப்பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. அங்கே தீட்டு எனப்பட்டது மனிதன். ஹலால் உணவுச்சாலையின் மேசையில் எவரும் அமரலாம். அங்கே விதி கோப்பையில் உள்ள பண்டத்தைப் பற்றியது. முன்னையது பிறர் மீது சுமத்தப்பட்ட இழிவு. பின்னையது ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு.

இதனாற் சான்றிதழ் வழங்குவோர் யாவரும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் என்று நாம் கூறவில்லை. சான்றிதழும் இன்று விலைப்பொருளே. கட்டணம் எவ்வளவு, பரிசோதனை எத்தனை தடவை, முறைப்பாட்டை விசாரிப்பவர் யார் என்பன பகிரங்கமாதல் வேண்டும். இலங்கையில் 2014 முதல் இப்பணியை ஹலால் அங்கீகாரப் பேரவை என்னும் தனி நிறுவனம் செய்து வருகின்றது. உணவுச்சாலைக்குச் செல்வோர் சில வேறுபாடுகளை அறிந்திருத்தல் நன்று. 'பன்றியிறைச்சி இல்லை' என்ற பலகை ஹலாலுக்கு உறுதியாகாது. கோழி அறுக்கப்பட்ட முறையையோ, சமையலிற் சேரும் மதுவையோ அது குறிப்பதில்லை. உரிமையாளர் முஸ்லிம் என்பது நம்பிக்கைக்கு ஆதாரமாகலாம். ஆனால் அது சான்றிதழ் ஆகாது. சுவரிற் சட்டமிட்டுத் தொங்கும் பத்திரத்தில் வழங்கியவர் பெயர், கடையின் முகவரி, காலாவதித் திகதி ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். அது சமையலறை முழுவதற்கும் உரியதா, வாங்கும் இறைச்சிக்கு மட்டும் உரியதா என்று கேட்டல் வேண்டும். ஒரு கிளைக்குக் கிடைத்தது மறு கிளைக்குச் செல்லாது. சமையலறை சுத்தமா என்பதைக் கண்டறிவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கடமை. அக்கடமைக்கு ஹலால் பத்திரம் ஈடாகாது.

இக்கேள்விகளைக் கேட்பதற்கு ஒருவர் முஸ்லிமாக இருக்க வேண்டியதில்லை. எண்ணெய் எத்தனை தடவை கொதித்தது, மரக்கறி உணவைக் கிளறிய கரண்டி இறைச்சிக் குழம்பிலும் போனதா, கோழி வரிசையில் நிற்கும் தொழிலாளிக்கு எத்தனை மணிநேர வேலை, எவ்வளவு கூலி என்பனவும் இக்கேள்விகளோடு சேர்ந்தவையே. நாம் இழந்த பழைய கிராமம் திரும்பி வரப்போவதில்லை. முகமறியாச் சந்தையிலேயே இனி வாழ வேண்டியுள்ளது. அங்கே உண்மையை அறியும் உரிமையை ஒரு சமூகத்திடமிருந்து கூச்சலாற் பறிக்க இடமளித்தோர், தம் கோப்பையைப் பற்றி வினவும் உரிமையையும் அன்றே பலவீனப்படுத்திவிட்டனர். அவ்வுரிமையை மீட்பது உண்போர் எல்லோருக்கும், அவர்க்காக உழைப்போர் எல்லோருக்கும் பொதுவான கடமையாகும்.